முடி கொட்டுது, மருந்து எடுக்கலாமா?

மதுரையில் முடி கொட்டுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் மாட்டிக்கொள்வது தண்ணீர்தான். "போர் தண்ணியிலயா குளிக்கிற? அதான்" என்று நின்ற இடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். புறநகர்ப் பக்கம் குடிபோனவர்களுக்கு இந்தத் தண்ணீரின் அருமை தெரியும். உப்பு அதிகம், சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும். முடிக்கும் அதுதான் எமன் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. அடுத்த குற்றவாளி ஹெல்மெட். போலீஸ் கெடுபிடி கூடும் மாதங்களில் ஹெல்மெட் மேல் வரும் புகாரும் கூடும். அப்புறம் ஷாம்பூ.

மூன்றுமே பெரும்பாலும் நிரபராதிகள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழவைக்கும், சீவும்போது நடுவில் ஒடியவைக்கும். இதெல்லாம் தோலுக்கு வெளியே தெரியும் முடித்தண்டுக்கு நேரும் சேதம். நெற்றி ஏறுவதும் உச்சி காலியாவதும் தோலுக்குள் இருக்கும் வேர்க்காலில் நடப்பவை. அதுவரை தண்ணீரின் உப்பு போவதில்லை. ஹெல்மெட்டும் அப்படித்தான். வேர்க்காலுக்கு வேண்டியது ரத்தத்தில் வருகிறது, காற்றுப் படாததால் அது சாவதில்லை.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற நாம், "அண்ணே, முடி கொட்டுது, ஏதாவது குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பாட்டிலைப் பற்றி யோசிப்பதில்லை. இல்லாவிட்டால் இதற்கு நேர் எதிர். முடிக்கான மாத்திரை போட்டால் ஆண்மையே போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்துப் பயந்து, பல வருடம் எண்ணெயே தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, உச்சி காலியான பிறகு டாக்டரிடம் போகிறோம். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். முடி மருந்து நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்த வகை உதிர்வு, எத்தனை வருடம் போடத் தயார் என்ற இரண்டும் தெரிந்தால்தான் மருந்தின் நன்மையையும் கெடுதலையும் எடைபோட முடியும்.

எல்லா உதிர்வும் ஒன்றல்ல

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், இரண்டு மூன்று வாரம் அடங்கும், பிறகு மூன்று மாதம்போல் ஓய்வில் இருந்துவிட்டு விழும். அதே வேர்க்காலிலிருந்து புது முடி கிளம்பும். இப்படி ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். தலையணையில் நாலு முடி கிடப்பதைப் பார்த்துப் பதறுவதில் அர்த்தமில்லை.

டெங்கு, டைபாய்டு, பெரிய ஆபரேஷன், திடீர் எடைக்குறைப்பு, பிரசவம் என உடம்புக்கு ஒரு உலுக்கல் வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஏராளமானவை ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். விழுவது உடனே இல்லை, இரண்டு மூன்று மாதம் கழித்து. காய்ச்சலை மறந்துபோன நேரத்தில் கொத்துக் கொத்தாகக் கையில் வரும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிகள் சொல்வது வெறும் கதையில்லை. காரணம் குழந்தையின் சிரிப்பு இல்லையே தவிர, கணக்கு சரியாக இருக்கிறது. குழந்தை ஆள் பார்த்துச் சிரிக்கிற அந்த மூன்றாம் மாதத்தில்தான் பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வும் தொடங்குகிறது.

இந்த வகை உதிர்வுக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். வேறு குறை இல்லையென்றால் ஆறு மாதத்தில் தானே அடங்கும், விழுந்த முடி திரும்ப வரும். முடி எண்ணெய்க் கம்பெனிகள் பெயர் வாங்குவதும் இங்கேதான். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது பயந்துபோய் ஒரு பாட்டில் வாங்குகிறோம். அது தானாகக் குறைகிற நேரத்தில் பாட்டிலும் தீர்கிறது. புகழ் எண்ணெய்க்குப் போகிறது, அடுத்த வீட்டு அக்காவுக்கும் சிபாரிசு நடக்கிறது.

உதிர்வு நிற்காமல் போனால் ரத்தசோகையும் தைராய்டும் பார்க்க வேண்டும். நம் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு சர்வ சாதாரணம். அதைச் சரிசெய்யாமல் தலையில் எதைத் தடவியும் பயனில்லை. பயோட்டின் மாத்திரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். முடிக்கென்று அதிகம் விற்கும் வைட்டமின்களில் ஒன்று அது. ஆனால் சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பயோட்டின் குறைபாடு வருவது அபூர்வம். குறை இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. அதிக அளவில் எடுத்தால் ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பிவிடும். தைராய்டு முடிவு தவறாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் சோதனையே தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரித்தது. டெஸ்ட்டுக்குப் போகும்போது பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள்.

வட்ட வட்டமாக, பளபளவென்று ஓர் இடம் மட்டும் வெறுமையானால் அது புழுவெட்டு. பூச்சி கடித்ததாகச் சொல்வார்கள், சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பார்கள். உண்மையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்க்காலைத் தாக்குவதால் வருவது இது. சிறிய வட்டமாக இருந்தால் ஒரு வருடத்துக்குள் பலருக்குத் தானே முளைத்துவிடும், வெங்காயம் பெயர் வாங்கியதும் அப்படித்தான். முளைக்காவிட்டால் தோல் மருத்துவர் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார். தலை முழுக்கப் போய்விட்டவர்களுக்கு இப்போது பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2022-இல் அனுமதி கிடைத்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்பதால் தொற்று, ரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகள் உண்டு. காசநோய் பரவலாக இருக்கும் நம் நாட்டில், உள்ளே காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

மிச்சமிருப்பது பரம்பரை வழுக்கை. சந்தையில் விற்கும் முடி மருந்துகளில் பெரும்பகுதி இதற்காக வந்தவை. அம்மா வழித் தாத்தாவின் தலையைப் பார்த்தால் போதும் என்பார்கள். அது பாதி உண்மைதான். முக்கியமான ஒரு மரபணு அம்மா வழியாக வருகிறது, ஆனால் அப்பா பக்கத்திலிருந்து வருபவையும் நிறைய. ஹார்மோனின் பங்கு 1942-இல் தெளிவானது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர், பருவம் வருமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பரம்பரைப் போக்கு உள்ளவர்களுக்கு மட்டும் விழுகிறது என்றும் காட்டினார். டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் டிஎச்டி என்ற வலுவான வடிவமாக மாறுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும் வேர்க்கால்கள் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் சுருங்குகின்றன. கனத்த முடி மெலிந்து, பூனைமுடியாகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. பின்மண்டை வேர்க்கால்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அதனால்தான் முழு வழுக்கையிலும் பின்னால் ஒரு வளையம் மிஞ்சுகிறது.

மினாக்ஸிடில்: பிரஷர் மாத்திரையாக வந்தது

அப்ஜான் என்ற அமெரிக்கக் கம்பெனி கடுமையான ரத்த அழுத்தத்துக்குத் தயாரித்த மாத்திரை மினாக்ஸிடில். கொலராடோவில் அதைச் சோதித்தபோது நோயாளிகளுக்கு எதிர்பாராத இடங்களிலெல்லாம் முடி வளர்ந்தது. குன்ட்டர் கான் என்ற தோல் மருத்துவருக்கு, இதைத் தலையில் தடவினால் என்ன என்று தோன்றியது. மாத்திரைக்கு 1979-இல் அனுமதி வந்தது. தலையில் தடவும் 2 சதவீத மருந்து 1988-இல் ஆண்களுக்கும், 1991-இல் பெண்களுக்கும் வந்தது. 5 சதவீதம் 1997-இல்.

வேர்க்காலுக்குள் இருக்கும் ஒரு நொதி இதைச் செயல்படும் வடிவமாக மாற்றுகிறது. வளரும் பருவம் நீள்கிறது, மெலிந்த முடி கொஞ்சம் கனக்கிறது. அந்த நொதி சிலருக்குக் குறைவு. ஒரே பாட்டில் நண்பனுக்குப் பலித்து நமக்குப் பலிக்காமல் போக இதுவும் ஒரு காரணம். உச்சியில் பலன் நன்றாகத் தெரியும், நெற்றி ஓரங்களில் குறைவு. முழுக்க வழவழப்பான இடத்தில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நன்மை என்று பார்த்தால், இது ஹார்மோனைத் தொடுவதில்லை, ஆண் பெண் இருவரும் போடலாம், தோலில் தடவும்போது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. செலவு மாதம் சில நூறு ரூபாயில் அடங்கும். 5 சதவீதம் போட்ட ஆண்களுக்கு 2 சதவீதம் போட்டவர்களைவிட 45 சதவீதம் அதிக முடி முளைத்ததாக 2002-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. அதைப் பார்த்து 10 சதவீதப் பாட்டில் இன்னும் நல்லது என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 5-க்கு மேல் போனால் பலன் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எரிச்சல் மட்டும் கூடும்.

முதல் தொல்லை, ஆரம்பித்த இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருக்கும் பழைய முடியை மருந்து சீக்கிரம் தள்ளிவிட்டுப் புதிதைக் கிளப்புகிறது, அவ்வளவுதான். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் ஊகம். தை மாத முகூர்த்தத்துக்கு முடி வேண்டும் என்று கார்த்திகையில் தொடங்கும் மாப்பிள்ளைகள் பாவம். சரியாக உதிரும் கட்டத்தில்தான் மணமேடையில் உட்கார்வார்கள். நான்கு மாதமாவது ஆக வேண்டும் ஏதாவது தெரிய, ஒரு வருடம் ஆக வேண்டும் தீர்ப்புச் சொல்ல.

அடுத்தது அரிப்பும் பொடுகு மாதிரி உதிர்வதும். பல நேரங்களில் மருந்தைவிட அதைக் கரைத்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால்தான் காரணம். நுரையாக வரும் வகையில் அது இல்லாததால் அதற்கு மாறிப் பார்க்கலாம். பெண்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் முடி வரலாம். தடவிவிட்டு ஈரத்தோடு படுத்தால் தலையணை வழியாக முகத்துக்கு வரும்.

வீட்டில் கைக்குழந்தையோ பூனையோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அப்பா தலையில் தடவிய மருந்து பட்டு, கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்த சம்பவங்களை ஐரோப்பிய மருந்து ஆணையம் 2024-இல் ஆராய்ந்து, எச்சரிக்கையாக அச்சிடச் சொன்னது. பூனைக்கு மினாக்ஸிடில் விஷம். தலையணையை நக்கினாலே உயிருக்கு ஆபத்து. பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுக்கிறவர்களும் இதைத் தவிர்ப்பதே முறை.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, நிறுத்தினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் சம்பாதித்த முடி போய்விடும் என்பது. வாடகை வீடு மாதிரிதான், கட்டுகிற வரை இருக்கலாம். மருந்து போட்டதால்தான் இருந்ததும் போச்சு என்று சலூனில் பேசிக்கொள்வது இதைத்தான். மருந்தே போடாமல் இருந்திருந்தால் எங்கே நின்றிருப்போமோ அங்கே வந்து நிற்கிறோம், அவ்வளவுதான்.

சமீப வருடங்களில் மினாக்ஸிடிலை மிகக் குறைந்த அளவில் மாத்திரையாகவே கொடுக்கும் வழக்கம் பரவுகிறது. பிரஷருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை கொடுத்த மருந்தை, முடிக்கு 5 மில்லிகிராமுக்குள் தருகிறார்கள். தினமும் தலையில் தடவச் சலிப்பவர்களுக்கு வசதிதான். ஆனால் கை கால் முகமெல்லாம் முடி வளரலாம், கணுக்கால் வீங்கலாம், படபடப்பு வரலாம். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவர் யோசித்துத்தான் தர வேண்டும். ஜிம் நண்பன் சொன்னான் என்று வாங்கி விழுங்கும் சரக்கல்ல இது.

ஃபினாஸ்டிரைடு: பயம் எவ்வளவு நியாயம்?

சலூனிலும் வாட்ஸப்பிலும் அதிகம் அடிபடுகிற மாத்திரை இது. இதன் கதை கரீபியன் கடலில் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. சலினாஸ் என்ற அந்த ஊரில் சில பிள்ளைகள் பிறக்கும்போது பெண்போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டியாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு என்று ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லியும் குழுவினரும் 1974-இல் கண்டறிந்தார்கள். வளர்ந்த பிறகு அவர்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. இதைப் பார்த்து அதே நொதியை மாத்திரையால் அடக்க முயன்றது மெர்க் கம்பெனி. 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் வந்தது, 1997 கடைசியில் வழுக்கைக்கு 1 மில்லிகிராம். தாத்தா மூத்திரக் கோளாறுக்குச் சாப்பிடும் மாத்திரையும் பேரன் முடிக்குச் சாப்பிடும் மாத்திரையும் பல வீடுகளில் ஒன்றுதான்.

பலனைப் பொறுத்தவரை மினாக்ஸிடிலைவிட இது ஒரு படி மேல், ஏனென்றால் காரணத்திலேயே கை வைக்கிறது. ரத்தத்தில் டிஎச்டி அளவை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைக்கிறது. 18 முதல் 41 வயது வரையுள்ள 1,553 ஆண்களிடம் நடந்த சோதனையில், இரண்டு வருட முடிவில் மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு முடி எண்ணிக்கை குறையாமல் நின்றது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 28 சதவீதம். கவனித்துப் பாருங்கள், அளந்தது குறையாமல் நின்றதைத்தான். இருப்பதைக் காப்பாற்றுவதே இந்த மருந்தின் முதல் வேலை, புதிதாக முளைப்பது போனஸ். 25 வயதில் தொடங்கியவருக்கும் 45 வயதில் தொடங்கியவருக்கும் கிடைப்பது வேறு வேறு.

இனி அந்தப் பயம். ஆசை குறைதல், விறைப்புக் குறைதல், விந்து குறைதல் மூன்றும் சேர்த்து, அந்தச் சோதனைகளில் மாத்திரை எடுத்தவர்களில் 3.8 சதவீதம் பேர் புகார் சொன்னார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 2.1 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். அதாவது நூறு பேரில் இரண்டு பேர்போலத்தான் மாத்திரையின் கணக்கில் வருகிறார்கள். அவர்களிலும் பெரும்பாலானோருக்கு நிறுத்தியதும் சரியானது. மனசின் பங்கும் சாதாரணமில்லை. 2007-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், புராஸ்டேட்டுக்காக இதே மருந்தின் 5 மில்லிகிராம் எடுத்தவர்களில் பாதிப் பேரிடம் பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொன்னார்கள், மீதிப் பேரிடம் சொல்லவில்லை. சொன்னவர்களில் 43.6 சதவீதம் பேருக்குப் பிரச்சினை வந்தது, சொல்லாதவர்களில் 15.3 சதவீதம் பேருக்கு.

இதைக் காட்டி, எல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்கிவிடும் டாக்டர்களை நான் ஏற்கமாட்டேன். மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குறை நீடிப்பதாகச் சொன்னவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதனால்தான் 2012-இல் எஃப்டிஏ, நிறுத்திய பிறகும் தொடரலாம் என்று மருந்துக் குறிப்பில் சேர்க்க வைத்தது. மனச்சோர்வும் பட்டியலில் உண்டு. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து ஆணையத்தின் பாதுகாப்புக் குழு, ஃபினாஸ்டிரைடு மாத்திரையால் தற்கொலை எண்ணம் வரலாம் என்பதை உறுதிசெய்தது. எத்தனை பேருக்கு வரும் என்று கணிக்க முடியவில்லை என்றது, ஆனாலும் மருந்தைத் தடைசெய்யச் சொல்லவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்கள் இதைத் தொடங்குமுன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது மனசு இருண்டுபோகிற மாதிரி இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்ப்பது அவசரம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கல்யாணமாகிக் குழந்தைக்கு முயல்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். குழந்தை தள்ளிப்போகிறது என்று பரிசோதனைக்குப் போகும்போது மனைவியின் மேல் மட்டும் பழியைப் போடாமல், இந்த மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லலாமே. பிள்ளைத்தாய்ச்சிகள் உடைந்த மாத்திரையையோ பொடியையோ தொடக் கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு இருப்பதால் எடுத்துக் கொடுப்பதில் பயமில்லை. தாத்தாவின் 5 மில்லிகிராம் மாத்திரையை நாலாக வெட்டிச் சாப்பிடும் சிக்கனக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். ஐம்பது தாண்டியவர்களுக்கு இன்னொன்று. புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை இந்த மாத்திரை பாதியாகக் குறைத்துக் காட்டும். சொல்லாவிட்டால் டாக்டர் நார்மல் என்று அனுப்பிவிடுவார்.

இப்போது மினாக்ஸிடிலையும் ஃபினாஸ்டிரைடையும் ஒன்றாகக் கலந்த தடவும் மருந்து தாராளமாக விற்கிறது. மாத்திரை வேண்டாம் என்று பயப்படுகிறவரே, பாட்டிலில் ஃபினாஸ்டிரைடு இருப்பது தெரியாமல் அதைத் தடவிக்கொண்டிருப்பார். தடவினாலும் ஓரளவு ரத்தத்துக்குப் போகத்தான் செய்யும். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் மருந்துகளின் பெயர் இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். டூட்டாஸ்டிரைடு என்று இன்னொரு மாத்திரை உண்டு. டிஎச்டியை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கும், தென் கொரியாவிலும் ஜப்பானிலும் வழுக்கைக்கே அனுமதி பெற்றது. பலன் கூடுதல். ஆனால் உடம்பிலிருந்து பாதி வெளியேறவே ஐந்து வாரம்போல் ஆகும், பக்கவிளைவு வந்தால் அதுவும் சீக்கிரம் போகாது.

பெண்களின் கணக்கு வேறு

பெண்களுக்குப் பெரும்பாலும் நெற்றி ஏறுவதில்லை, வகிடு அகலமாகும். மினாக்ஸிடில்தான் முதல் மருந்து. மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் பருவும் இருந்தால் நீர்க்கட்டிப் பிரச்சினையைப் பார்க்க வேண்டும்; ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகள் அப்போது உதவும், ஆனால் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தே தேவைப்படாத ஒரு காரணமும் நம் ஊரில் உண்டு. சிறு வயதிலிருந்தே எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, அதில் கனமாக மல்லிகைச் சரத்தையும் தொங்கவிட்டால் நெற்றி ஓரத்து முடி வேரோடு இழுபட்டுப் போகும். பூவைக் குறை சொல்லவில்லை, மதுரையில் இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியுமா? பின்னலைத் தளர்த்தினால் போதும்.

எண்ணெய், மொட்டை, விளம்பரம்

கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் காய்ச்சித் தேய்ப்பதில் தவறில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்பது சோதித்து அறிந்த உண்மை. உப்புத் தண்ணீரில் குளிப்பவருக்கு இது நிஜமாகவே உதவும். டிஎச்டியால் சுருங்கிய வேர்க்காலை எந்த எண்ணெயும் எழுப்பியதாகத் தெரியவில்லை. இப்போது பிரபலமாகியிருக்கும் ரோஸ்மேரி எண்ணெய்க்கு ஆதாரமாகக் காட்டுவது 2015-இல் ஈரானில் 100 பேரிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வை. 2 சதவீத மினாக்ஸிடிலோடு ஒப்பிட்டார்கள், எதுவும் தடவாத குழு அதில் இல்லை. அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அழகர்கோயிலிலோ பழனியிலோ மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் கண்ணுக்குத் தோன்றுவதுதான். வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் கனமாகத் தெரிகிறது. சாமிக்கு நேர்ந்துகொண்டால் தாராளமாகப் போடலாம்.

"வழுக்கையில் முடி முளைக்கும், கியாரண்டி" என்று வரும் விளம்பரங்கள் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1945-ஆம் வருட மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது. புது முடி முளைக்க வைப்பதும் அதில் இருக்கிறது. விளம்பரம் நிற்கிறதா என்றால், பேப்பரைத் திருப்பிப் பாருங்கள்.

முடி நடும் ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் மருந்திலிருந்து தப்புவதில்லை. பின்மண்டையிலிருந்து எடுத்து நட்ட முடி நிற்கும். சுற்றியுள்ள பழைய முடி தன்பாட்டுக்குப் பின்வாங்கிக்கொண்டே போகும். மாத்திரை எடுக்காவிட்டால் சில வருடத்தில் நட்டது தனித் தீவாக நிற்கும். லட்சக்கணக்கில் பேரம் பேசும் இடங்களில் எல்லோரும் இதை முதலிலேயே சொல்வதில்லை.

போடுவதென்றால்

முதலில் தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டுங்கள். பெரியாஸ்பத்திரியில் ஓபி சீட்டுப் போட்டால் தோல் பிரிவிலேயே பார்க்கலாம், காலையில் வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். தழும்பாக்கி வேர்க்காலையே அழித்துவிடும் வகைகளும் உண்டு. அரிப்பு, எரிச்சல், சிவப்பு, செதில் இருந்தால் தாமதிக்காமல் போக வேண்டும், அங்கே போன முடி திரும்பாது. போட்டோ அனுப்பினால் பெட்டியில் மருந்து வீட்டுக்கு வரும் ஆன்லைன் சேவைகள் இதைத் தவறவிடக்கூடும்.

தொடங்கும் நாளில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே இடம், அதே வெளிச்சம், எண்ணெய் இல்லாத தலை. கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. ஒரு வருடம் ஒழுங்காகப் போட்டும் போட்டோவில் வித்தியாசம் இல்லையென்றால் அந்த மருந்து உங்களுக்கு இல்லை என்று விட்டுவிடலாம், பணமாவது மிஞ்சும். உதிர்வு நின்றிருந்தால் அது பலன்தான், முளைக்கவில்லையே என்று கழிக்க வேண்டாம்.

நிறுத்துவதற்கும் நேரம் உண்டு. நாற்பத்தைந்து ஐம்பது வயதில், பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்த பிறகு, இனி போதும் என்று விடுகிறவர்கள் நிறைய. அதில் உடம்புக்கு ஆபத்து எதுவும் இல்லை, மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கக்கூடத் தேவையில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தலை தன் பழைய கணக்குக்குப் போய்விடும். ரத்ததானம் செய்கிறவர்கள், நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்பதை ரத்த வங்கியில் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அந்த ரத்தம் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகக்கூடும் என்பதால் ஃபினாஸ்டிரைடுக்கு ஒரு மாதம், டூட்டாஸ்டிரைடுக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது அமெரிக்க ரத்த வங்கிகளின் வழக்கம்.